ஜப்பானில் கோடைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் தொடங்கி செப்டம்பர் பாதி வரை ஜப்பானுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. விசா, விமானச் சீட்டு பற்றி இங்கே எதுவும் இல்லை. போய் இறங்கிய பிறகு தினமும் காலில் இடறும் விஷயங்கள் மட்டும்தான்.

சென்னை வெயிலையே பார்த்தாயிற்று. ஜப்பான் வெயில் என்ன செய்துவிடும்?

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆகஸ்ட் மாதம் டோக்கியோவில் பகலில் 31 முதல் 36 டிகிரி. ஆனால் நம் ஊரில் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு யார் நடக்கிறார்கள்? ஆட்டோ, பைக், ஃபேன், ஒரு குட்டித் தூக்கம் என்று எப்படியாவது தப்பித்துவிடுவோம். ஜப்பானில் சுற்றிப் பார்ப்பது என்றாலே நடைதான். ஒரு நாளைக்கு 15,000 முதல் 20,000 அடி சாதாரணம். பெரிய ஸ்டேஷனில் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே பத்து நிமிடம் ஆகும். அதோடு காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயவே காயாது. கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர் என்பதால் அங்கே காற்றும் அசையாது.

இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களுக்கு அவர்கள் ‘நெத்தாய்யா’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று குன்மா மாநிலத்தின் இசேசாக்கியில் 41.8 டிகிரி பதிவானது.

வெப்பம், ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 33-ஐத் தொடும் என்று தெரிந்தால் அரசாங்கம் வெப்ப எச்சரிக்கை விடுக்கும். டிவியிலும் ஸ்டேஷன் திரைகளிலும் காட்டுவார்கள். அன்றைக்குக் கோட்டை, தோட்டம், மலைக்கோயில் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். பணம் கொடுத்து வந்துவிட்டோமே என்று கிளம்புகிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள்.

அப்படியானால் ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஜூன் கடைசியில் டோக்கியோவில் காலை 4.30-க்கு முன்பே விடிந்துவிடும். மாலை ஏழு மணிக்கு இருட்டிவிடும். எட்டரை மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பும் பழக்கத்தைப் பயணம் முடியும் வரை மூட்டை கட்டி வையுங்கள். கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயில் இரவும் பகலும் திறந்தே இருக்கும். கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். டோக்கியோவில் சென்சோ-ஜி கோயிலின் பெரிய மண்டபமும் கோடையில் ஆறு மணிக்கே திறந்துவிடும். ஐந்தரைக்கு அறையை விட்டுக் கிளம்பினால் பத்து மணிக்குள் இரண்டு இடம் முடிந்துவிடும். கூட்டமும் இருக்காது.

பதினொன்று முதல் நான்கு வரை கூரைக்கு அடியில் இருங்கள்: அருங்காட்சியகம், பல்பொருள் அங்காடி, ஊர் விட்டு ஊர் போகும் ரயில். நீண்ட ரயில் பயணத்தை மத்தியானத்தில் வைப்பது நல்ல தந்திரம். பலர் அதைக் காலையில் வைத்து, குளிர்ந்த நேரத்தை ரயிலிலேயே தொலைத்துவிடுகிறார்கள். ஐந்து மணிக்கு மேல் மறுபடி வெளியே வரலாம்.

எந்த வாரங்களைத் தவிர்க்கலாம்?

ட்சுயூ எனும் மழைக்காலம் டோக்கியோ, கியோட்டோ பக்கம் ஜூன் முதல் பாதியில் தொடங்கி ஜூலை நடுவில் முடியும். விடாமல் கொட்டும் மழை என்று நினைக்க வேண்டாம். பாதி நாட்கள் வெறும் மேகமூட்டம்தான், வெயிலை விட இதுவே மேல் என்று சொல்லலாம். ஒக்கினாவாவில் மே தொடக்கத்திலேயே ஆரம்பித்து ஜூன் கடைசியில் முடிந்துவிடும். ஹொக்கைடோவில் இந்தப் பருவம் இல்லை என்றே சொல்லலாம்.

தவிர்க்க வேண்டியது ஒபோன். முன்னோரை வீட்டுக்கு வரவேற்று வழியனுப்பும் நாட்கள். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை, முன்னும் பின்னும் சில நாட்கள் சேர்த்து நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். நம் தீபாவளி நேரத்துக் கோயம்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள், வரிசை மட்டும் ஒழுங்காக இருக்கும். அறை வாடகை ஏறும். நொசோமி எனும் அதிவேக ரயில்களில் முன்பதிவில்லாத பெட்டியே இருக்காது.

கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

சிறிய துண்டு ஒன்று. பொதுக் கழிப்பறைகள் பளிச்சென்று இருக்கும், ஆனால் கை துடைக்கக் காகிதம் பல இடங்களில் இருக்காது. வியர்வைக்கும் அதுவேதான். 110 யென் கடைகளில் கிடைக்கும்.

வெயில் குடை ஒன்று. உள்பக்கம் கறுப்புப் பூச்சு உள்ள மடக்குக் குடை நிழலை நன்றாகவே தரும். இப்போது ஆண்களும் பிடிக்கிறார்கள், கூச்சம் வேண்டாம். கழுத்தில் மாட்டும் குளிர் வளையம் ஒன்றைப் பார்ப்பீர்கள். அதற்குள் இருக்கும் பொருள் 28 டிகிரிக்குக் கீழே உறைந்து, உடல் சூட்டை இழுத்துக்கொண்டு உருகும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் திரவமாகிவிடும். அப்புறம் வெறும் பிளாஸ்டிக் வளையம்தான். மறுபடி உறைய ஹோட்டல் ஃபிரிட்ஜே போதும்.

ஒரு மெல்லிய சால்வையோ முழுக்கைச் சட்டையோ கட்டாயம் வேண்டும். வெளியே 36, ரயிலுக்குள் 25. நனைந்த சட்டையோடு அந்தக் குளிரில் உட்கார்ந்துதான் பலருக்குச் சளி பிடிக்கிறது. நகர ரயில்களில் சில பெட்டிகளில் குளிரைக் குறைத்து வைத்திருப்பார்கள், கதவருகே ஒட்டியிருக்கும். வயதானவர்களை அதில் ஏற்றுங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். காலையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். தீர்ந்தால் தெருவுக்குத் தெரு தானியங்கிப் பான இயந்திரம் நிற்கும். அரை லிட்டர் சுமார் 130 முதல் 200 யென். அதே பாட்டில் சூப்பர் மார்க்கெட்டில் 100 யென்னுக்குக் கீழே கிடைக்கும். விலைக்குக் கீழே நீலப் பட்டை இருந்தால் குளிர்ந்தது, சிவப்பு இருந்தால் சூடானது.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் கால் பிடிப்பும் வரும். வியர்வையில் போன உப்பு திரும்ப வரவில்லை என்று அர்த்தம். பொக்காரி ஸ்வெட், அக்வேரியஸ் போன்ற உப்புச் சேர்த்த பானங்கள் இதற்குத்தான். இனிப்பு வேண்டாம் என்றால் முகிச்சா எனும் வறுத்த பார்லித் தண்ணீர் நல்லது. அதில் காஃபின் கிடையாது, உப்புக்கு ஒரு உப்பு மிட்டாய் போட்டுக்கொள்ளலாம். ஊரிலிருந்து ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து எடுத்துப் போனால் செலவும் மிச்சம். பச்சைத் தேநீரை மட்டும் நம்பி நாள் முழுதும் நடக்காதீர்கள்.

காலி பாட்டிலை எங்கே போடுவது? குப்பைத் தொட்டியையே காணோமே?

இருக்காது. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடத் தொட்டிகள் பெரிய அளவில் அகற்றப்பட்டன. பான இயந்திரத்தின் பக்கத்தில் வட்ட ஓட்டையோடு நிற்கும் பெட்டி பாட்டிலுக்கும் டின்னுக்கும் மட்டுமே. அதில் சாப்பாட்டுக் குப்பையைத் திணிக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் பையை மடித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அறைக்குக் கொண்டுவந்து போடுங்கள். கடைகளில் பைக்கு 3 முதல் 5 யென் கேட்பார்கள் என்பதால், கிடைத்த பையைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரயிலுக்கு ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். சூயிகா, பாஸ்மோ, இகோகா என்ற அட்டைகளில் ஒன்று போதும். டோக்கியோவில் வாங்கியது ஒசாகாவிலும் வேலை செய்யும். 500 யென் முன்பணம். 20,000 யென் வரை ஏற்றி வைக்கலாம். கொன்பினி எனும் 24 மணி நேரக் கடைகள், பான இயந்திரம், லாக்கர் எல்லாவற்றுக்கும் இதே அட்டைதான். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சூயிகா அட்டைக்கு முன்பணம் இல்லை, ஆனால் 28 நாளில் காலாவதியாகும், மிச்சப் பணமும் திரும்ப வராது.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, ஸ்டேஷன் இயந்திரங்களில் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் செல்லும். இரண்டாவது, ஐஃபோனில் சூயிகாவைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வெளிநாட்டில் வாங்கிய விசா கிரெடிட் அட்டையிலிருந்து பணம் ஏற்றும்போது அடிக்கடி மறுக்கப்படுகிறது. அப்போது செவன்-லெவன் கடையில் ரொக்கமாக ஏற்றிக்கொள்ளலாம். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பெரும்பாலும் இந்த வசதியே கிடையாது.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஒரு அட்டை வட்டாரத்தில் உள்ளே போய் இன்னொரு வட்டாரத்தில் வெளியே வர முடியாது. டோக்கியோவில் தட்டிவிட்டுச் சாதாரண ரயிலில் ஷிசுவோகா வரை போனால் அங்கே ஸ்டேஷனிலிருந்து வெளியேறும் கதவு திறக்காது. பதற வேண்டாம், கதவோரம் இருக்கும் ஊழியரிடம் காட்டினால் கட்டணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு தருவார். அட்டையைச் சரிசெய்ய அந்தச் சீட்டு தேவைப்படும், தூக்கிப் போடாதீர்கள்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை (ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகள் வரை). 6 முதல் 11 வரை பாதிக் கட்டணம்.

ஜேஆர் பாஸ் வாங்கலாமா?

ஜேஆர் நிறுவன ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு இஷ்டம்போல் போய்வர வாங்கும் பாஸ் இது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் பார்ப்பவர்களுக்கு வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000-க்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஒரு வழி சுமார் 14,000 யென், போய்வந்தாலும் 28,000-தான். ஹிரோஷிமாவையும் தாண்டிப் போனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், கியோட்டோ பக்கம் போகும் ஷின்கன்சென் எனும் அதிவேக ரயிலில் பெட்டிக்கு இடமுள்ள கடைசி வரிசை இருக்கையைப் பதிவுசெய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை. பதியாமல் ஏறினால் 1,000 யென். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். இன்னும் நல்ல வழி, பெரிய பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் கொடுத்து அடுத்த ஊர் ஹோட்டலுக்குத் தக்யூபின் சேவையில் அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். இந்த வெயிலில் 20 கிலோவைப் படிக்கட்டில் தூக்குவதற்கு அந்தப் பணம் தாராளமாகத் தகும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எப்படிச் சமாளிப்பது?

கஷ்டம்தான், ஆனால் பட்டினி இல்லை. பிரச்சினை கறித்துண்டில் இல்லை, டாஷியில் இருக்கிறது. கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவிக் கொதிக்கவைத்த சாறு அது. சோபா, சோமென் எனும் குளிர்ந்த நூடுல்ஸ், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, பொரித்த டோஃபு, மிசோ சூப் எல்லாவற்றிலும் இருக்கும். “மீன் இல்லையே?” என்று கேட்டால், மீன் துண்டு இல்லை என்பதால் “இல்லை” என்றே பதில் வரும். ஏமாற்றுவதற்காக அல்ல, அவர்கள் மனத்தில் டாஷி மீன் கணக்கில் சேராது. இப்படிச் சொல்லுங்கள்: “நிகு தோ சகனா வா தபெராரெமாசென். கட்சுவோ டாஷி மோ டமே டெஸ்.” கறியும் மீனும் சாப்பிட மாட்டேன், கட்சுவோ சாறும் ஆகாது என்று பொருள். எழுதியும் காட்டுங்கள். ‘கரே’ எனும் ஜப்பானியக் குழம்பின் மசாலாக் கட்டியில் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு இருக்கும், காய்கறிக் குழம்பு என்ற பெயரை நம்பிவிடாதீர்கள்.

கொன்பினியில் ஒனிகிரி எனும் சோற்று உருண்டைகளில் உமே (உப்பிட்ட புளிப்புக் காய்) வைத்ததும் வெறும் உப்பு போட்டதும் ஓரளவு பாதுகாப்பு. ஆனாலும் ஃபோன் கேமராவால் பொருட்பட்டியலை மொழிபெயர்த்துப் பாருங்கள். உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். 1 என்ற நாடாவை உச்சியிலிருந்து கீழே இழுத்துப் பின்பக்கம் முழுதும் சுற்றிக் கிழிக்க வேண்டும். பிறகு 2-ஐயும் 3-ஐயும் பக்கவாட்டில் உருவ வேண்டும். அவசரத்தில் 2-ஐ முதலில் இழுத்தால் கடற்பாசித் தாள் உறையோடே போய், ஒட்டும் சோறு மட்டும் கையில் நிற்கும்.

ஹோட்டலில் தயிர்சாதம் முடியும். சமைத்துப் பொதிந்த 200 கிராம் சோறு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். மூடியின் ஓரத்தைக் கோடு வரை பிரித்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். 400 கிராம் டப்பாவில் வெறும் தயிர் விற்பார்கள், ‘முதோ’ (சர்க்கரை இல்லாதது) என்று கேட்டு வாங்குங்கள். புளிப்பு குறைவுதான், உப்பும் ஊறுகாயும் சேர்ந்தால் தெரியாது. சோறு குழைவாக இருப்பதால் பிசைவதற்கு நம் அரிசியைவிடத் தோது என்றே சொல்லலாம். ஊறுகாய்ப் பொட்டலத்தை ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழங்கள், கறி கலந்த எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் பிடிபடும்.

குட்டி மின்குக்கர் எடுத்துப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் குக்கர் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும், அரிசி ஊறிக்கொண்டே இருக்கும். அறையில் சமைக்கவும் பெரும்பாலான ஹோட்டல்களில் அனுமதி இல்லை. ஃபோன் சார்ஜர் வேலை செய்யும், தட்டையான இரண்டு முள் உள்ள அடாப்டர் மட்டும் வேண்டும்.

சைவ விருந்தும் குளிர்ச்சியும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கோயாசான். ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயிலும் கேபிள் காரும் மாறிச் சுமார் இரண்டு மணி நேரம். 800 மீட்டர் உயரம் என்பதால் ஐந்து டிகிரி போல் குறைவு. அங்கே கோயில் விடுதிகளில் தரும் ஷோஜின் உணவில் கறி, மீன் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயமும் கிடையாது. சாற்றையும் ‘கொம்பு’ எனும் கடற்பாசியிலும் காளானிலும்தான் எடுப்பார்கள். எள்ளு டோஃபுவை விட்டுவிடாதீர்கள்.

துணி துவைக்க?

நாளுக்கு இரண்டு சட்டை நனையும். அறையில் காயப்போட்டால் காலையில் ஈரவாடைதான் மிச்சம். ஹோட்டல்களில் காசு போட்டு இயக்கும் இயந்திரம் இருக்கும். துவைக்க 200, 300 யென். உலர்த்த 100 யென்னுக்கு 20, 30 நிமிடம். ஜீன்ஸுக்கு மூன்று முறை காசு போடுவீர்கள், ஆகவே ஜீன்ஸே வேண்டாம். சோப்புத் தூள் தானே விழும் இயந்திரமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஏசி ரிமோட்டில் ஜப்பானிய எழுத்து மட்டும் இருந்தால் வரவேற்பில் ‘ரெய்போ’ பொத்தான் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுதான் குளிர். ‘டன்போ’ சூடு.

திருவிழா பார்க்க எங்கே போகலாம்?

கியோட்டோவின் கியோன் திருவிழா ஜூலை முழுதும் நடக்கும். தேரோட்டம் 17-ஆம் தேதியும், அளவில் சிறியதாக 24-ஆம் தேதியும். தேர் பார்த்து வளர்ந்தவர்கள் வீதி நடுவில் நிற்காமல் ஷிஜோ-கவரமாச்சி முக்குக்குப் போங்கள். அங்கேதான் திருப்பம். பெரிய தேர்கள் 12 டன் வரை கனம். சக்கரம் நேராக மட்டுமே உருளும், திரும்பாது. நம் ஊரில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவதுபோல் அங்கே இல்லை. சக்கரத்தின் அடியில் பிளந்த பச்சை மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி வழுக்கலாக்குவார்கள். தேரின் முன்புறத்தில் நிற்பவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுக்க, பக்கவாட்டிலிருந்து வடம் இழுப்பவர்கள் ஒரே மூச்சாக இழுப்பார்கள். தேர் ஒரு முழம் நகர்ந்து, கிறீச்சிட்டு, உச்சிக் கம்பம் ஆடி நிற்கும். இப்படி மூன்று நான்கு இழுப்பில் தொண்ணூறு டிகிரி திரும்பிவிடும். எட்டு மணிக்கே இடம் பிடியுங்கள். நிழல் இருக்காது, கூட்டத்தில் குடை விரிக்க முடியாது, தொப்பிதான்.

ஆவோமொரியில் நெபுட்டா எனும் விளக்கு ஊர்வலம் ஆகஸ்ட் 2 முதல் 7 வரை, தொகுஷிமாவில் ஆவா ஒடோரி நடனம் 12 முதல் 15 வரை. இரண்டு ஊரிலும் அறை மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும்.

டோக்கியோவில் சுமிதா ஆற்று வாணவேடிக்கை ஜூலையின் கடைசி சனிக்கிழமை. போகும்போதே திரும்பி வரும் கட்டணத்தையும் அட்டையில் ஏற்றிவிடுங்கள்; முடிந்த பிறகு இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசை ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். பக்கத்து ஸ்டேஷனை விட்டு இருபது நிமிடம் நடந்து அடுத்த ஸ்டேஷனில் ஏறுவதே புத்திசாலித்தனம்.

யுகாதா எனும் மெல்லிய கோடைக் கிமோனோவை வாடகைக்கு எடுத்தால் உங்கள் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. மாற்றிக் கட்டினால் அது பிணத்துக்குக் கட்டும் முறை. மரச்செருப்பின் வார் கட்டை விரலிடுக்கை அறுக்கும், கிளம்பும் முன்பே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடை வாசலில் அலை போட்ட சிறு கொடி தொங்குகிறதே?

வெள்ளைத் துணி, கீழே நீல அலை, நடுவில் சிவப்பில் ஒரே எழுத்து. அந்த எழுத்துக்குப் பனிக்கட்டி என்று பொருள். உள்ளே காகிகோரி விற்கிறார்கள். ஐஸ்கட்டியைச் சீவிக் குவித்துப் பாகு ஊற்றுவது. பச்சைத் தேயிலையும் இனிப்பான சிவப்புப் பயறும் சேர்ந்ததை ‘உஜி கின்டோகி’ என்று கேளுங்கள். மேலிருந்து குத்தினால் சரியும், ஓரத்திலிருந்து எடுத்து உண்ண வேண்டும்.

ஃபூஜி மலை ஏறலாமா?

ஜூலை முதல் செப்டம்பர் 10 வரை. 2025 முதல் நான்கு பாதைகளிலும் 4,000 யென் கட்டணம். மலைக்குடிலில் பதிவில்லாதவர்களைப் பிற்பகல் 2 மணி முதல் அதிகாலை 3 மணி வரை உள்ளே விடுவதில்லை. 3,776 மீட்டர் உச்சியில் ஆகஸ்டிலும் சராசரி ஆறு டிகிரிதான். கீழே 35 டிகிரியில் அரைக்கைச் சட்டையோடு பஸ் ஏறியவர்கள் மேலே நடுங்குவார்கள். கீழிருந்து பார்க்க மட்டும் வருபவர்களுக்கு ஒரு செய்தி: கோடையில் மலை பெரும்பாலும் மேகத்துக்குள். விடியற்காலையில்தான் தெரியும்.

புயல் வந்தால்?

ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். ரயில் நிறுவனங்கள் முந்தின நாளே “நாளை இத்தனை மணிக்கு நிறுத்துகிறோம்” என்று அறிவித்துவிடும். அறிவிப்பு வந்த அன்று மாலையே, விமானம் ஏற வேண்டிய ஊருக்கு நகர்ந்துவிடுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் 119, போலீஸ் 110. 050-3816-2787 எண்ணில் சுற்றுலாப் பயணிகளுக்கு 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் உதவி கிடைக்கும். சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்துகள் சிலவற்றுக்கு அங்கே தடை உண்டு. எடுத்துப் போகும் முன் சரிபாருங்கள்.

எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் நிற்பது?

டோக்கியோவில் இடது, ஒசாகாவில் வலது. கியோட்டோவில் முன்னால் நிற்பவரைப் பாருங்கள்.

மரங்களிலிருந்து காதைத் துளைக்கும் அந்தச் சத்தம் என்ன?

செமி எனும் சில்வண்டு. ஒசாகா, கியோட்டோவில் காலையில் ‘ஷா ஷா’ என்று அடைமழை போல் இரைவது குமாசெமி. டோக்கியோவில் ‘மீன் மீன் மீ’ என்று இழுப்பது மின்மின்செமி. மலையோரத்தில் அந்தி நேரம் மணி போல் ‘கனகன’ என்று கேட்டால் அது ஹிகுராஷி. ஆகஸ்ட் கடைசியில் நடைபாதையில் மல்லாந்து கிடக்கும். கால்கள் மடங்கியிருந்தால் செத்தது. விரிந்திருந்தால் உயிர் இருக்கிறது. பக்கத்தில் கால் வைத்தால் படபடவென்று முகத்துக்கே எழும்பும், சுற்றிப் போங்கள்.